புருவத்தில் இரண்டு விரல்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் சுகமா? அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ கொடுக்காதே. கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் மனுஷன் தோலை உரித்துவிடுவாய்.

கேப்டன் வீட்டை விட்டு ஓடிவந்து நாலு மாதம் முடிந்துவிட்டது. புருஷன் என்று எழுத இன்னும் கை கூசுகிறது, அதனால் ஊரார் கூப்பிடுகிற மாதிரியே நானும் கேப்டன் என்றே எழுதுகிறேன். காது கேளாதோர் வாலிபால் அணிக்கு அவன் கேப்டனாம். வீட்டுக்குள் பந்து நான்தான்.

ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது, கடிதமும் வக்கீலம்மா அலுவலகம் வழியாகத்தான், எந்த ஊர் என்று அக்காவுக்குக்கூடச் சொல்லக் கூடாது, என்ன வேலை என்றும் எழுதக் கூடாது என்று வக்கீலம்மா ஏகப்பட்ட சட்டம் போட்டிருக்கிறார். ஊரை எழுத மாட்டேன். ஆனால் வேலையை எழுதாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறேன் அக்கா. மெஷினில் வெட்டி வந்ததும் அதன் விளிம்பை ஈரக் கல்லில் வட்டம் வட்டமாக விரலால் தேய்த்து மழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு. பட்டறையில் மெஷின் சத்தம் காதைக் கிழிக்கிறதாம், எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பஞ்சு மிச்சம். தரை பலகை போட்டது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சூப்பர்வைசர் அம்மா காலால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், என் உள்ளங்காலில் தெரியும்.

வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ராத்திரி கதவுத் தாழ்ப்பாளில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு படுக்கிறேன். யாராவது கதவைத் தள்ளினால் எனக்குக் கேட்காதே, அதனால்தான். சிரிக்காதே.

உன் கடிதம் வந்தால் நிம்மதி.

இப்படிக்கு,
உன் தங்கை

ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்குத்தான் உன் கடிதத்தைப் படித்ததும் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. அடி பைத்தியமே, வக்கீலம்மா என்ன வேலைமெனக்கெட்டா சட்டம் போடுகிறார்? கடிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டேன். ஆனால் கிழிப்பதற்கு முன் நாலு தடவை படித்தேன். நீ வட்டம் வட்டமாகத் தேய்ப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஒரு செய்தி. அரசாங்கம் எனக்கு விருது கொடுக்கிறதாம். வீட்டில் அடிபட்டு வரும் காது கேளாத பெண்களோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய் அவர்கள் சைகையைக் குரலாக்கிச் சொல்கிறேனே, அதற்காக. பன்னிரண்டு வருஷமாக என்னை வாசலிலேயே நிற்கவைத்த ஆட்கள் இப்போது மேடையில் நிற்கவைக்கப் போகிறார்கள். பேச வேண்டும். சபையில் பாதிப் பேர் காது கேளாதவர்கள், அதனால் வாயாலும் கையாலும் சேர்த்தே பேசச் சொல்கிறார்கள்.

கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. படம் வரும், வீடியோ வரும், அவன் பார்ப்பான். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். அப்போது எங்கள் மைய நிர்வாகி இன்னொன்றைச் சொன்னார். விருது வாங்கினால் போலீஸ் விதிமுறைக் குழுவில் எனக்கு ஓர் இடம் உண்டாம். குடும்பத்து ஆட்கள் ஸ்டேஷனில் மொழிபெயர்க்கவே கூடாது என்று ஒரு விதி கொண்டுவர வேண்டுமென்று எத்தனை வருஷமாகக் கத்துகிறேன்.

அவன் உன் கழுத்தில் கை வைத்த அன்றைக்கு நான் வேறு ஊரில் வழக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டார்கள். மணிக்கட்டு வீங்கி எழுத முடியாமல் இருந்த நீ, ஸ்டேஷனில் இடது கையால் "கழுத்தை நெரித்தான்" என்று காட்டினாய். உன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார், பயந்து போயிருக்கா." அவர்களும் அதை அப்படியே எழுதி, படித்த பெண்ணிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

போய் வாங்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருஷம் வாசலில் நின்ற காலுக்கு ஒரு நாள் மேடை வேண்டாமா? அந்த விதி வரட்டும். இன்னொருத்தி என் மாதிரி கைநாட்டு வைக்கக் கூடாது.

பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நேற்று உயரமான ஆள் ஒருவர் வாசலில் நின்றதைப் பார்த்து ஒரு தட்டு லென்ஸைக் கீழே போட்டுவிட்டேன். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் அவர். பாவம், அவரே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. என்னைப் பற்றி ஒரு சொல் கூடாது. தங்கை என்ற சொல்லே வரக் கூடாது. பேச்சை எழுதி வக்கீலம்மாவிடம் காட்டிவிட்டுப் பேசு. சட்டை ஒரே நிறமாக இருக்கட்டும், பூப் போட்டதைப் போட்டுக்கொண்டு போய் நிற்காதே, கை தெரியாது. இது உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது, தலையெழுத்து.

அன்புடன்,
தங்கை

மார்ச் 7

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

விழா நல்லபடியாக முடிந்தது. ஒரு கேடயம் கொடுத்தார்கள், தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அத்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார், கேட்டால் தூசு என்கிறார். பேச்சை வக்கீலம்மா இரண்டு முறை திருத்திக் கொடுத்தார். "ஒரு பெண் இன்று தன் வேலையைத் தானே செய்து, சொந்தக் காலில் நிற்கிறாள்" என்று மட்டும் ஒரு வரி வைத்திருந்தார். எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல் மாறவில்லை. ஒரு சொல் கூட மாறவில்லை.

குழுக் கூட்டம் 24ஆம் தேதி. என் பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

அங்கே உன்னைத் தவிரக் காது கேளாதவர்கள் யாராவது வேலை செய்கிறார்களா? மற்ற பெண்கள் ஃபோனில் வீடியோ பார்ப்பார்களா? சும்மாதான் கேட்கிறேன். கதவில் நூல் கட்டிக்கொண்டு படுக்கிறாய் அல்லவா? கட்டிக்கொள். விட்டுவிடாதே.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பக்கத்து மேசைப் பெண் சாப்பாட்டு வேளையில் அவள் ஃபோனை என் முன்னால் நீட்டினாள். "உன்ன மாதிரியே கையால பேசுறாங்க பாரு" என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். நீ. கறுப்புச் சட்டையில் அழகாகத்தான் இருந்தாய்.

கீழே எழுத்தில் "ஒரு பெண்" என்று ஓடியது. உன் வாயும் ஒரு பெண் என்றுதான் அசைந்தது. உன் கை என்ன செய்தது அக்கா? இரண்டு விரலை எடுத்து இடது புருவத்தின் மேல் கிழித்தாய். அது என் பெயர். நீ ஊஞ்சலை வேகமாக ஆட்டி, நான் விழுந்து, புருவம் பிளந்து தையல் போட்டார்களே, அதிலிருந்து பள்ளியில் அத்தனை பேரும் கூப்பிட்ட சைகைப் பெயர். எனக்கு இருக்கிற ஒரே பெயர். ரேஷன் கார்டில் இருப்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அதோடு விட்டாயா? வாய் "வேலை" என்றபோது உள்ளங்கையில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாய். லென்ஸ் பிடித்திருக்கிற விரலோடு.

வக்கீலம்மாவுக்குச் சைகை தெரியாது. உனக்கு மாலை போட்டவர்களுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். காது கேளாத பெண்களை வேலைக்கு வைக்கிற லென்ஸ் பட்டறை எத்தனை இருக்கிறது என்று நம் ஆட்களைக் கேட்டால் ஒரு கை விரலுக்குள் சொல்லிவிடுவார்கள். அவன் அணியில் ஆடிய ஒருவனின் அண்ணி இங்கேதான் வேலை பார்த்தாளாம்.

நான் வேலையை எழுதியது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை உன்னுடையது. அவன் பார்த்துவிட்டானா? அதை மட்டும் எழுது.

தங்கை

மார்ச் 26

என் கண்ணே,

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பார்த்துவிட்டான்.

இனி மறைக்க மாட்டேன். மேடையில் அந்த வரி வந்தபோது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. "ஒரு பெண்" என்று கையால் சொல்லப் போனேன், யாரோ ஒரு பெண் என் கைக்குக் கிடைக்கவில்லை. வாயில் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு, கையால் சொல்லிப் பழக்கமில்லை. கீழே இறங்கும்போதே தெரிந்துவிட்டது, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அலுவலகத்து ஜன்னலில் நிற்கிறேன், எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலில் அவன். சண்டைக்கு வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். புருவத்தில் இரண்டு விரலை வைத்தான். பிறகு உள்ளங்கையில் மெதுவாக வட்டம் போட்டான். சுற்றிலும் அத்தனை பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் வந்து நின்றான். அதற்கு மறுநாளும்.

உனக்கு மார்ச் 7 கடிதம் எழுதியபோது இது எனக்குத் தெரியும். வக்கீலம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் என் தவறு வெளியே வரும், விசாரணை வைப்பார்கள், 24ஆம் தேதிக் கூட்டத்தில் என்னை உட்காரவிட மாட்டார்கள். அந்த விதியை மட்டும் முடித்துவிட்டுச் சொல்லலாம், அவனுக்கு ஊர் தெரியாது, ஊர் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நாள். கூட்டம் முடிந்தது, விதி நிறைவேறியது. வீட்டுக்கு வந்தால் மேசையில் உன் கடிதம்.

அன்றைக்கே வக்கீலம்மா காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை வேறு இடத்துக்கு மாற்ற ஏப்ரல் 10 வரை ஆகும் என்கிறார். அதுவரை தனியாக நடக்காதே. பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிவை.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

அக்கா

ஏப்ரல் 17

என் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய்? எங்கே இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது, எப்படி என்று கேட்கலாம் அல்லவா?

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வக்கீலம்மாவுக்கு ஃபோன் செய்தால் "இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல, நீங்க ஃபோன் பண்ணாதீங்க" என்று வைத்துவிடுகிறார். அவர் குரலில் ஏதாவது தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

8ஆம் தேதியிலிருந்து ஜெராக்ஸ் கடை வாசலில் அவனைக் காணோம். அவன் நின்றபோது ஜன்னல் பக்கம் போகவே பயந்தேன். இப்போது ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறேன். வந்து நில்லுடா பாவி என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன். இங்கே நிற்கிறான் என்றால் அங்கே இல்லை. அத்தான் போய் அவன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பூட்டியிருக்கிறது. மாமியாரும் இல்லை.

உன் அக்கா

மே 5

தங்கைக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

உன்னைக் காணோம் என்று புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஊரில் காணோம் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எங்கே வேலை செய்தாள் என்றார்கள். வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு அந்த நேரம் பார்த்து என் வாய்க்கு ஜாக்கிரதை வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

விதி ஏப்ரல் முதல் வாரத்திலேயே எல்லா ஸ்டேஷனுக்கும் போய்விட்டதாம். குழுவில் கை குலுக்கினார்கள். கேடயத்தைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். எனக்குச் சைகை செய்யக் கை வரவில்லை. நேற்று ஒரு வழக்கில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

வெற்றுத் தாளையாவது அனுப்பு. உறையில் உன் கையெழுத்து இருந்தால் போதும்.

அக்கா

மே 20

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு உட்கார். அத்தானிடமும் சொல்.

இடம் மாறி எல்லாம் அடங்கும் வரை எழுதக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். உன் மூன்று கடிதமும் நேற்றுத்தான் ஒன்றாகக் கைக்கு வந்தன. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 9ஆம் தேதி வந்தான். மறுநாள் நான் கிளம்ப வேண்டியது, பையெல்லாம் கட்டியாகிவிட்டது. அவன் பார்த்துவிட்டான் என்று வக்கீலம்மா சொல்லியனுப்பியதுமே பட்டறைப் பெண்களிடம் சொல்லி, அவன் முகத்தைத் தாளில் வரைந்து ஒட்டியிருந்தேன். மூக்கு சரியாக வரவில்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த முகம் வந்தால் எல்லாரும் சேர்ந்து மூன்று தட்டு என்று பேச்சு. லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், தரை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டு என் நெஞ்சு வரைக்கும் ஏறியது. முப்பது பெண்களின் கால் அக்கா.

வாசலில் அவனும் மாமியாரும். பொண்டாட்டியைக் கூட்டிப் போக வந்திருக்கிறான், மூளை சரியில்லாத பெண் என்று மாமியார் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவன் எல்லார் தலைக்கும் மேலே கையைத் தூக்கி என் பெயரைச் சொன்னான். மன்னித்துவிட்டேன், வீட்டுக்கு வா என்றான். சிரித்த முகம். அவ்வளவு அன்பாகக் காட்டினான். பிறகு கையை இடுப்புக்கு இறக்கி, சட்டை மறைவில், என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, "இந்தத் தடவை பாதியில் விட மாட்டேன்" என்றான். எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது. இதை உன்னிடம் எழுத எனக்கு வெட்கமில்லை.

சூப்பர்வைசர் அம்மா கதவை மறித்து நின்றுகொண்டு போலீசைக் கூப்பிட்டார். ஸ்டேஷனுக்குப் போனோம். மாமியார் கேட்காமலே நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மொழிபெயர்க்கத் தயாராக உட்கார்ந்தார். அதே அம்மாள், அதே கைப்பை. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். மாமியாரைக் கைகாட்டி வெளியே போகச் சொன்னார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார்: "குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது. ஆள் வருகிறார். பயப்படாமல் இருங்கள்." அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்று மணி நேரம். எதிர்ப் பெஞ்சில் அவன். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைகையை மொழிபெயர்க்கிற பெண் வந்தார், முன்பின் தெரியாதவர், சின்ன வயசு. கழுத்து, மணிக்கட்டு, கைநாட்டு, இடுப்பு மறைவில் காட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இன்ஸ்பெக்டர் எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை அக்கா, கையெழுத்து.

அவன் உள்ளே இருக்கிறான். ஜாமீன் கேட்டிருக்கிறானாம், கிடைத்தாலும் கிடைக்கும். நூலைக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

அந்தத் தாள் வரக் காரணம் நீ ஒளித்து வைத்த இருபது நாள் என்று வக்கீலம்மா சொன்னார். அவன் என்னைத் தேடி வரக் காரணமும் அதே இருபது நாள்தான். உனக்கு நன்றி சொல்வதா, நாலு அறை விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் உனக்கு என் கையால் உண்டு. ஆனால் கேடயத்தின் மேல் இருக்கிற துணியை எடுத்துவிடு. நாளைக்கே வேலைக்குப் போ. எனக்கு அந்தச் சின்னப் பெண் வந்த மாதிரி, எவளுக்காவது நீ வர வேண்டும்.

வழக்கு ஜூன் 18. நீ வா. ஆனால் எனக்காக நீ பேச முடியாது, தெரியுமா? நீயும் எனக்குக் குடும்பத்து ஆள்தான். உன் விதி, உனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறாய். கடைசி வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார். யார் என்னை எப்படி மொழிபெயர்த்தாலும் கை மேலே வரக் கூடாது.

இப்போது இருக்கிற ஊரை எழுத மாட்டேன். வேலையையும் எழுத மாட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே. பழைய பெயரை விட்டுவிட்டேன், அதில் அவன் கை பட்டுவிட்டது. கிளம்பும்போது பட்டறைப் பெண்கள் சேர்ந்து எனக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். எழுத்தில் வராது, வந்தாலும் எழுத மாட்டேன். அவன் இருக்கிற அறையில் காட்டவும் மாட்டேன். வழக்கு முடிந்ததும் வக்கீலம்மா அறைக்கு வா. கதவைச் சாத்திவிட்டு உனக்கு ஒரே ஒரு தடவை காட்டுகிறேன்.

நீ திருப்பிச் செய்து காட்டாதே. பார்த்து மட்டும் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை